ஊசி மூழ்கிய டம்ளர்

“...மத்தபடி தண்ணி மேல ஒரு தப்பும் இல்ல மேடம். என் கைதான் கொஞ்சம் நடுங்கிடுச்சு” என்றாள் சித்தி.

சொன்னது தலைமையாசிரியையிடம். சொன்ன இடம், தாம்பரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பு. மேசை மேல் ஒரு கண்ணாடி டம்ளர். அதன் அடியில், ஒன்றன்பின் ஒன்றாக முழுகிப்போன மூன்று தையல் ஊசிகள். நான் இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பி.எஸ்ஸி.யும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் எதிர்வீட்டு அம்மாவுக்குத்தான். தினம் காலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் லெட்டர் வரலையா?” என்று கேட்பார், ஏதோ தபால்காரர்தான் எங்கேயோ ஒளித்துவைத்த மாதிரி. சித்தி சிரித்துக்கொண்டே, “வழியில இருக்காம் ஆன்ட்டி” என்பாள்.

அந்த லெட்டர் கடைசியில் எங்கள் பள்ளியிலிருந்தே வந்தது. அறிவியல் டீச்சருக்குக் கல்யாணமாகி அவர் வெளியூர் போகப்போகிறார். அந்த இடத்துக்கு சித்தி ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தலைமையாசிரியைக்குப் பிடித்தால் வேலை. எந்த வகுப்பு என்று பார்த்தால், என் வகுப்பு. நான் அன்றைக்கே தோழிகளிடம் சொல்லிவைத்துவிட்டேன், எங்கள் சித்தி இரும்பைத் தண்ணீரில் மிதக்க வைப்பாள் என்று.

ஒரு வாரம் எங்கள் சமையலறையில் ஒத்திகை நடந்தது. அப்பாவின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து நான்தான் தலைமையாசிரியை. சித்தி எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் மை ஒற்றும் தாளில் ஒரு துண்டைப் போட்டு, தாளின் மேல் ஊசியைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலப் படுக்க வைப்பாள். கொஞ்ச நேரத்தில் தாள் தண்ணீரைக் குடித்துக் கனத்து, மெதுவாகக் கீழே போய்விடும். ஊசி மட்டும் மேலேயே நிற்கும். அதைச் சுற்றித் தண்ணீரில் மெலிதாக ஒரு குழி விழுந்திருக்கும், மெத்தையில் ஆள் படுத்தது போல.

“காரணம் சொல்லுங்க” என்பேன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

“மேடம் நம்ம எலெக்ட்ரிக் டிரெயின்ல போயிருப்பீங்க. உள்ள நடுவுல நிக்கிறவன் எதையாவது பிடிச்சுக்கிறானா? வேண்டியதில்ல, நாலு பக்கமும் ஆள் இருக்கு, எல்லாரும் அவனை எல்லாப் பக்கமும் இழுப்பாங்க. ஃபுட்போர்டுல தொங்குறவனுக்கு வெளிப்பக்கம் ஆளே இல்ல. அதனால பக்கத்துல இருக்குறவனையும் உள்ள இருக்குறவனையும் இறுக்கிப் பிடிச்சுக்குவான். தண்ணியோட மேல்பரப்புல இருக்குற துளியெல்லாம் ஃபுட்போர்டு ஆளுங்க. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு தோல் மாதிரி நிக்குது. ஊசியோட கனத்துக்கு அந்தத் தோல் கிழியாது.”

“அப்ப தாள் ஏன் முழுகுச்சு?”

“தாளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சந்து ஆயிரம் இருக்கு மேடம். ரெண்டு சுவர் பக்கத்துல பக்கத்துல இருந்தா பசங்க ரெண்டு பக்கமும் காலை உதைச்சு ஏறுவாங்களே, தண்ணியும் அப்படித்தான். சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஏறும், பின்னாடியே இன்னொண்ணையும் இழுத்துக்கிட்டு ஏறும். சந்து எவ்வளவு சின்னதோ அவ்வளவு உசரம் ஏறும். ஸ்டவ்வுல திரி வழியா மண்ணெண்ணெய் மேல வர்றதும் இதேதான். யாரும் கீழேருந்து பம்ப் அடிக்கிறதில்ல.”

அம்மா அப்போது அந்த ஸ்டவ்வுக்காகத்தான் காத்திருப்பாள். “ஊசி மிதந்தா என்ன, முழுகினா என்ன, கிழிஞ்சதைத் தைச்சா சரி. கொஞ்சம் நகரு, சோறு வைக்கணும்” என்பாள். அம்மாவின் பேச்சு எப்போதும் சோற்றில்தான் வந்து முடியும்.

ஒத்திகையில் ஒன்றை மட்டும் சித்தி காட்டவில்லை. கண் மருந்து வந்த சின்னப் புட்டி ஒன்றில் ஏதோ கலக்கி வைத்திருந்தாள். கடைசியில் அதிலிருந்து ஒரு சொட்டு விடுவாளாம், அதுதான் வகுப்பின் உச்சமாம். என்ன அது என்று கெஞ்சிப் பார்த்தேன். “உனக்கு இப்பவே காட்டிட்டா அங்க நீ வாயைப் பொளக்க மாட்டே. சும்மா பொளந்தா மேடம் கண்டுபிடிச்சுடுவாங்கடி” என்றாள்.

அன்று காலை அப்பாவின் ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எங்கள் சபை, ஊர், நாடு எல்லாம் முடிந்து, ஊசிக்கும் வந்தார். பைபிளில் ஆற்றில் விழுந்த இரும்புக் கோடாலியையே மிதக்க வைத்தவருக்கு ஒரு ஊசி எம்மாத்திரம் என்று ஆண்டவருக்கு நினைவூட்டிவிட்டு ஆமென் சொன்னார்.

பின்பெஞ்சுப் பெண்களுக்கும் தெரிய வேண்டுமே என்று, அன்றைக்கு மட்டும் கிண்ணத்துக்குப் பதிலாகக் கண்ணாடி டம்ளர் எடுத்துப் போவதாக ஏற்பாடு. கிறிஸ்துமஸ் விருந்தாளிகளுக்குப் பிறகு அலமாரியில் கிடந்து தூசி படிந்திருந்தது அது. சித்தி புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். எங்கள் வீட்டில் பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும்தான். ஆனால் அன்றைய டம்ளருக்குச் சாம்பலா? அப்பாவின் வெள்ளைச் சட்டைகளுக்கென்று புதிதாக வாங்கியிருந்த நீலச் சோப்புத்தூளில் கை நிறைய அள்ளித் தேய்த்தேன். ஒரே ஒரு தடவைதான் அலசினேன். அதிகம் அலசினால் பளபளப்பு போய்விடும் என்று அப்போது எனக்கு ஒரு விதி இருந்தது. காயவைத்து, துண்டில் சுற்றி, சித்தியின் பையில் நானே வைத்தேன்.

வகுப்பில் அந்தத் துண்டைப் பிரித்ததும் பின்னாலிருந்த பெண், “எவ்ளோ பளபளன்னு இருக்கு பாருடி” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி என் பக்கம் பார்த்தபோது, நான்தான் என்று ஒரு கையால் டம்ளர் பிடித்து மறு கையால் தேய்ப்பது போல் அபிநயம் பிடித்துக் காட்டினேன். அவள் புன்னகைத்துவிட்டுப் பானைத் தண்ணீரை ஊற்றினாள். தாளைப் போட்டாள். ஊசியை வைத்தாள். தாள் போனது. ஊசியும் கூடவே போனது.

இரண்டாம் தடவை வேறு தாள், வேறு ஊசி. அதுவும் போனது. மூன்றாவது ஊசி மூழ்கியபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஆயா, “இன்னா டீச்சர், ஊசி குளிக்கப் பூட்ச்சா?” என்றாள். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை மட்டும் சிரிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் ஒரு வாரம் சித்தியோடு பேசவில்லை. பள்ளியில் என்னிடம், “உங்க சித்தி ஊசிக்கு நீச்சல் தெரியலடி” என்றார்கள். கடைசியில் அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, “உனக்கு அன்னைக்குப் பாத்துத்தான் கை நடுங்கணுமா?” என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். “என்னடி பண்றது, நடுங்கிடுச்சே” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பள்ளிக்கும் மனுப் போடவில்லை. டைப்பிங் கற்றுக்கொண்டு கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு, அதே எலெக்ட்ரிக் டிரெயினில், தலை நரைக்கும்வரை போய் வந்தாள். எங்கள் வீட்டிலோ ‘கை நடுங்கிடுச்சு’ ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. பால் பொங்கி வழிந்தால் கை நடுங்கிடுச்சு. பரீட்சையில் கணக்குத் தப்பினால் கை நடுங்கிடுச்சு. சித்தி காபி ஊற்ற வந்தால் அப்பா, “பார்த்தும்மா” என்பார். எல்லாரும் சிரிப்போம். எல்லாரையும்விட நான் உரக்கச் சிரிப்பேன். சித்தியும் சிரிப்பாள்.

நான் பள்ளி இறுதியோடு நின்றவள். மிச்சத்தை என் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் பிடுங்கிப் படித்துக்கொண்டேன். ஒரு நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பெண் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பரப்பு இழுவிசை. ஊசி மிதந்தது, எனக்குத் தெரிந்த கதைதான் என்று நறுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவள் படித்தாள்: அந்த நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விட்டால், அது துளிகளுக்கிடையே புகுந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்திவிடும், ஊசி மூழ்கிவிடும்.

அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டேன். புட்டியில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போய்ச் சொல்லலாம் என்றால், சித்தி காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு அப்போதே தெரியும். மூன்றாவது ஊசி மூழ்கியதும் டம்ளருக்குள் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இரண்டாவது பெஞ்சைப் பார்த்தாள். “டம்ளரை சோப்புப் போட்டுக் கழுவியிருக்காங்க, அதனாலதான் முழுகுது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதுவே அருமையான பாடமாகியிருக்கும், வேலையும் கிடைத்திருக்கும். ஆனால் கழுவியது யார் என்று நான் அபிநயம் பிடித்ததை வகுப்பே பார்த்திருந்தது. அதனால் அவள் கை நடுங்கியது.

அன்று வகுப்பில், கை நடுங்கிடுச்சு என்று சொன்ன பிறகு சித்தி அந்தப் புட்டியைத் திறக்காமலேயே பைக்குள் போட்டுக்கொண்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, தண்ணீரை வெளியே மணலில் கொட்டினாள். விழுந்த இடத்தில் நாலைந்து குமிழிகள் எழும்பி, வெயிலில் நிறம் நிறமாக மின்னின. அழகாக இருக்கிறதே என்று நான் எட்டிப் பார்த்தேன். “மிஸ், போகலாமா?” என்று தலைமையாசிரியை பின்னாலிருந்து கூப்பிட்டார். “இதோ மேடம்” என்றாள் சித்தி. கடைசிக் குமிழி உடைந்து மணலில் அடங்கும்வரை அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள்.