உப்பு மூட்டையில் நின்ற கொட்டகை

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். நாசரேத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. வாய் மட்டும் இருபது வருஷ சர்வீஸுக்கு இருந்தது. கடற்கரை மணலில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன் என்று தலைமையாசிரியையை ஒரு வாரமாக நச்சரித்தேன். அந்தப் பள்ளியில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிற வழக்கமே அதுவரை கிடையாது.

கடைசியில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரி, போயிட்டு வாங்க. ஆனா ஒரு பிள்ளை நனைஞ்சு வந்தாலும் இதுதான் முதலும் கடைசியும். பெத்தவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

"ஒரு சொட்டு படாதும்மா" என்றேன். ஐப்பசி மாசத்தில் யாராவது அப்படி வாக்குக் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

போகவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் வெளுத்துவிட்டது. முப்பத்தெட்டு பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நடத்திக்கொண்டு போனேன். வாசலிலேயே ராட்டினத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சிப்பியைப் பிளந்து முத்து காட்டும் கடையில் பிள்ளைகள் நிற்கவே இல்லை. எல்லோருக்கும் ராட்டினம்தான் குறி. அங்கே போனால், ராட்டினக்காரர் மேலே ஏறி, ஆட்கள் உட்காரும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்!

"அண்ணாச்சி, பிள்ளைங்க அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு. நீங்க பாட்டுக்குக் கழட்டுதிய?"

"துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாவ டீச்சரம்மா."

"கூண்டு ஏத்துறது இங்க புதுசா? அதைப் பாத்தா ஊரு சோறு வடிக்குது?"

அவர் சிரித்தார். "பெட்டி தொங்குனா காத்து அதுல பிடிச்சு மொத்தத்தையும் சாச்சிரும். வெறும் கம்பியா நின்னா ஊடால போயிரும். நீங்களும் இதுக்குக் கீழ நிக்காதிய. சீட்டைப் பத்திரமா வச்சிக்கிடுங்க, காத்து ஓஞ்ச பொறவு செல்லும்."

"வேலை செய்யச் சோம்பல், அதுக்கு ஒரு கூண்டு" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். அவர் அடுத்த பெட்டிக்கு ஏறினார்.

அரை மணி நேரம் போகவில்லை, கடல் பக்கமிருந்து காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கூடவே மழை. 'எல்லோரும் நாடகக் கொட்டகைக்குள் வரவும்' என்று ஒலிபெருக்கி கத்தியது. அப்பாடா, நனையாமல் தப்பித்தோம் என்று பிள்ளைகளை விரட்டி உள்ளே அனுப்பினேன். கடைசியாக நுழையும்போதுதான் கயிறுகளைப் பார்த்தேன். மணலில் முளை நிற்காது என்று கொட்டகைக் கயிறுகளைச் சாக்கு மூட்டைகளில் கட்டியிருந்தார்கள். மூட்டைகள் பாதியாகச் சப்பையாகிக் கிடந்தன. அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஏளா, டீச்சர் சாக்கை நக்குதாங்க!" என்று உள்ளே ஒருத்தி சிரித்தாள்.

உப்பு! கொட்டகைக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

"பின்ன? பக்கத்துலயே உப்பளம் கெடக்கு. மணலை அள்ளி எவன் மூட்டை கட்டுவான்? காஞ்ச உப்பு கல்லு மாதிரில்லா இருக்கும்" என்றார்.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்த யோசனை வராது. ராத்திரி மழையிலேயே பாதி கரைந்திருக்கிறது. மீதியும் கரைந்தால் கொட்டகையைக் காற்று பிடுங்கிவிடும். உள்ளே இருந்தால் நனையமாட்டார்கள். வெளியே வந்தால் என் வாக்கும் போச்சு, இனிமேல் எந்தப் பிள்ளையும் வெளியே போகப்போவதில்லை. ஒரு நிமிஷம் நான் அதை யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

பிறகு தொண்டை கிழியக் கத்தினேன். "ஏளா, எல்லாரும் வெளிய வாங்க! உப்பு கரையுது!"

ஒலிபெருக்கியில் ஒருவர் என்னைத் திட்டினார். ஆனால் என் கத்தல் ராட்டினக்காரருக்குக் கேட்டுவிட்டது. ஓடி வந்தார், மூட்டையைக் காலால் எத்திப் பார்த்தார், முகம் மாறியது. "ரோட்டுக்கு அங்கிட்டு கல்லால கட்டுன குடோன் இருக்கு. கையைக் கோத்துக்கிட்டுப் போங்க, மரத்தடியில ஒதுங்காதிய!" என்று எங்களை அனுப்பிவிட்டு, உள்ளே போய் மற்றவர்களையும் கிளப்பினார். நான் சோம்பேறி என்று சொன்ன அதே மனுஷர்.

குடோன் வாசலில் தலைகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். கொட்டகையிலிருந்து கடைசி ஆளும் வந்து சேர்ந்தபோது, அங்கே கயிறுகள் மூட்டைகளை இழுத்துக்கொண்டே மேலே போயின. கூரை மடங்கி, மூங்கில்கள் எல்லாம் நாங்கள் நின்றிருந்த இடத்தில் விழுந்தன. ராட்டினம் மட்டும் வெறும் கம்பியாக அப்படியே நின்றது.

சாயங்காலம் காற்று தணிந்ததும் பள்ளிக்குத் திரும்பினோம். தலைமையாசிரியை கேட்டிலேயே நின்றிருந்தார். எல்லோர் பாவாடையிலும் தண்ணீர் சொட்டியது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், சாக்கை நக்கியது வரைக்கும். "வாக்குத் தவறிட்டேம்மா. முப்பத்தெட்டும் நனைஞ்சிருச்சு."

அவர் ஒரு பிள்ளையின் சடையைப் பிடித்துப் பிழிந்தார்.

"நனையக்கூடாதுன்னு நான் சொன்னதைக் கேட்டிருந்தா, இந்தப் பிள்ளைங்க இப்ப எங்க கெடந்திருக்கும் டீச்சர்?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை, பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் தன் முந்தானையால் அந்தப் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த ராட்டினச் சீட்டு பத்திரமா இருக்கா?"

"ஈரமா இருக்கும்மா. ஆனா செல்லும்னு சொல்லியிருக்கார்."

"அப்ப இன்னொண்ணு சேத்து வாங்குங்க. நானும் வாரேன்."