அப்பா இருமிய ரொட்டி

பள்ளியில் நான்காம் ஆண்டில் அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். கழுவிய கையால் ஒரு ரொட்டித் துண்டையும் கழுவாத கையால் இன்னொன்றையும் தொட்டு, தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைக்க வேண்டும். மூன்றாவது ரொட்டி என் சொந்த யோசனை.

லாபிஸ் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அப்போது காட்டுத்தீப் புகைமூட்டம். குலை வெட்டும் அப்பா பல நாளாக இருமிக்கொண்டிருந்தார். "இதுல இருமுங்கப்பா" என்று ரொட்டியை நீட்டினேன். படிப்பு விஷயமாயிற்றே என்று வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து, மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட இருமிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் மற்ற இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. அப்பாவின் ரொட்டியில் பச்சையும் கறுப்புமாய்ப் பூசணம் படர்ந்திருந்தது. இதுதான் அவர் நெஞ்சுக்குள்ளும் வளர்கிறது, அப்பா சாகப்போகிறார் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் முடிவைச் சரிபார்க்க ஆளில்லை. இரண்டு நாள் பையை ஒளித்து வைத்திருந்தேன்.

தட்டில் கடைசி வாய்ச் சோற்றை உருட்டி எனக்கு ஊட்டுவது அப்பாவின் வழக்கம். அன்று கை அருகே வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு அழுதேன். பையை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அலமாக்! நெஞ்சுக்குள்ள தோட்டமே போட்டிருக்கேனா?" என்று அப்பா சிரித்தார்.

"சும்மா இருங்க லா, புள்ள பயந்து போயிருக்கு" என்றார் அம்மா.

"கிருமி ஒட்டும்பா. டீச்சர் சொன்னாங்க."

அப்பாவின் சிரிப்பு நின்றது. உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், ரொட்டிப் பையை மோட்டார்சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நெஞ்சைப் படமெடுத்து, சளியைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை, புகைதான் என்றார்கள். மழை வந்து புகை கலைந்ததும் இருமலும் போயிற்று. ஆனாலும் அப்பா தன் கோப்பையைத் தானே கழுவித் தனியாக வைத்தார். கடைசி வாய் எனக்கு அதன்பின் வரவே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசணத்தின் நுண்வித்துகள் காற்றிலேயே இருக்கின்றன, ஈரம் கிடைத்தால் ரொட்டியில் முளைக்கும் என்பதை ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்தபோதுதான் அறிந்தேன். எல்லாம் அந்தக் கொப்பளித்த தண்ணீரின் வேலை. விடுமுறையில் போய் அப்பாவிடம் விளக்கினேன். பிறகு கேட்டேன்: "டோக்டர்தான் ஒன்னுமில்லன்னாரே, அப்புறம் ஏம்பா ஊட்டல?"

"அவரு இல்லன்னாரும்மா. நீ இருக்குன்னியே."