இரண்டு சில்லும் சுழன்ற நாள்

எங்கள் பிக்கப் சந்தியில் திரும்பினால் கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பின் டயர் இரண்டும் தாரில் உரசிக் கீச்சென்று கத்தும். வண்டி ஒரு துள்ளுத் துள்ளும். அதன் பிறகுதான் திரும்பும். "அக்காட தயிர் வருகுது" என்று சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். தயிர் வரும்தான். ஆனால் அந்தத் துள்ளலில் சட்டிக்குள்ளேயே உடைந்து, மேலே தண்ணீர் நின்று, கடையில் இறக்கும்போது பாதி மோராக இருக்கும்.

யுத்தம் முடிந்து படுவான்கரைப் பாதைகள் திறந்த பிறகு நாங்கள் பிடித்த தொழில் அது. வாவிக்கு மேற்கே எருமைப் பட்டிகள் நிற்கிற இடங்களுக்குப் போய், வைக்கோல் விரித்துத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி, வாவியைக் கடந்து இந்தக் கரைக் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுப்போம். தயிர் என் பொறுப்பு. வண்டி என் புருஷனின் பொறுப்பு. பட்டிக்காரர்களோடு பேரம் பேசுவதும் கடைக்காரர்களோடு சண்டை பிடிப்பதும் நான்தான். இவர் வாயைத் திறக்காத மனிதர், எனக்கு வாய் மூடாது. இப்படி இரண்டு பேரைச் சேர்த்து வைத்த கடவுளுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு இருந்திருக்க வேண்டும்.

இந்தத் துள்ளலுக்கும் கத்தலுக்கும் காரணம் என்னவென்று சொல்ல வேண்டுமானால் சுனாமியிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கிற மணல் கரையில் இருந்தோம். அன்று காலை முதல் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்து திரும்பிப் போனது. அது போன கையோடு இவர் பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணி, மாமியை, அதாவது தன் தாயை, முன் சீட்டில் ஏற்றினார். நானும் அக்கம்பக்கத்துச் சனமும் பின்னால் ஏறிக்கொண்டோம். வளவைத் தாண்டி ஒழுங்கைப் பாதை மணலில் இறங்கியதும் வண்டி நின்றுவிட்டது. பின்பக்கத்து வலது சில்லு மட்டும் மணலை வாரி வாரி எறிந்துகொண்டு சுழன்றது. இடது சில்லு அசையவே இல்லை. நான் மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடல் இரையத் தொடங்கியதும் எல்லோரும் குதித்து ஓடினோம். மாமிக்கு முழங்கால் வருத்தம், ஓட முடியாது. இவர் மாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது தண்ணீர் அந்தக் கையை இவரிடமிருந்து பறித்துக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் தென்னைகளில் மாட்டுப்பட்டுப் பிழைத்தோம்.

அதற்குப் பிறகு மாமியைப் பற்றி இவர் யாரிடமும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. திவசம் கொடுப்பார், படத்துக்குப் பூ வைப்பார், அவ்வளவுதான். கதைத்ததெல்லாம் அந்த இடது சில்லைப் பற்றி. சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே சோற்றில் கை நின்றுவிடும். "மற்றச் சில்லும் சுத்தியிருந்தா…" என்பார். வசனம் ஒருநாளும் முடியாது. முடிக்காவிட்டால் என்ன, எனக்கு விளங்காதா? தன் தாயைச் சுழலாத ஒரு சில்லு கொன்றுவிட்டது, அதை முன்கூட்டியே கவனிக்காத குற்றம் தன்னுடையது என்று இவர் மனதில் எழுதி ஒட்டியாயிற்று. என்ன சொல்லியும் அதைக் கிழிக்க என்னால் முடியவில்லை.

வண்டியையாவது விற்றுத் தொலைப்பாரா என்றால் அதுவும் இல்லை. எஞ்சினுக்குள் போன கடல் மணலைக் கழுவிக் கழுவி, தென்னோலைக் கிடுகு மூடி, யுத்தத்தின் கடைசி வருஷங்கள் முழுவதும் வைத்துக் காத்தார். பாதைகள் திறந்ததும் அதையே தயிருக்குப் பூட்டினார். மாரி காலத்தில் வயல் வட்டைக்குள் இறங்கினால் சேறு அச்சைத் தொடும் என்று முதலில் பெரிய டயர் போட்டார். உயரம் வந்தது, இழுவை போய்விட்டது. வாய்க்கால் வரம்பில் முதலாம் கியரிலும் எஞ்சின் முக்கி முக்கி நின்றது.

அதற்காகத்தான் ஓட்டமாவடியில் பழைய வாகனச் சாமான் விற்கிற காக்காவிடம் போனோம். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படிக் கூப்பிடுவதுதான் முறை. காக்கா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து டயரைத் தட்டினார்.

"டயரப் பெருசாக்கினா உள்ளுக்குப் பல்லையும் மாத்தோணும் தம்பி. பெரிய சட்டிய வெச்சிட்டுச் சின்ன நெருப்ப எரிச்சா எப்ப கொதிக்கிற?"

கிரீஸ் பூசிய பல்சக்கரச் சோடிகளை எடுத்து மேசையில் வைத்தார். "உங்கட வண்டியில கிடக்கிறது சின்னச் சக்கரம் பினியன் பத்துப் பல்லு, பெரிய சக்கரம் கிரவுண் நாப்பத்தொண்டு. எஞ்சின்ல இருந்து வாற தண்டு நாலு தரம் சுத்தச் சில்லு ஒரு தரம் சுத்தும். இந்தா, இது எட்டும் முப்பத்தொம்பதும். தண்டு அஞ்சு தரத்துக்குக் கிட்டச் சுத்தோணும். ஓட்டம் குறையும், இழுவை கூடும். அங்கால கிடக்கிற ஏழும் முப்பத்தேழும் போட்டீங்கண்டா மதில்லயும் ஏறலாம். ஆனா தார் ரோட்டுல சைக்கிள்காரன் உங்கள முந்திப் போவான்."

"எங்களுக்கு மதில் ஏற வேலையில்ல காக்கா. தயிர் புளிக்க முன்னம் கடைக்குப் போனாக் காணும், அதுவே போதும்" என்றேன். நடுவில் இருந்த எட்டும் முப்பத்தொன்பதும் என்று முடிவாயிற்று. அது நல்ல முடிவு. இன்றைக்கும் சொல்வேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இவர் மெதுவாக, "மற்றச் சில்லும் சுத்தோணும் காக்கா" என்றார்.

காக்கா ஒரு டிஃபரன்சியலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வளைவில் வெளிப்பக்கத்துச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துச் சில்லு குறைய ஓட வேண்டும். அதற்கு விட்டுக்கொடுக்கத்தான் இந்தச் சாமான் என்று கையால் சுழற்றிக் காட்டினார். "ஆனா இதுக்கு ஒரு கெட்ட குணம். சறுக்கிச் சும்மா சுத்திறவனுக்கே எல்லாச் சோத்தையும் போடும். நிலத்தப் புடிச்சி நிக்கிறவன் பட்டினி."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கெட்ட குணத்தை இவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"இதே சாமான்ல எல்.எஸ்.டி. எண்டு இன்னொரு சாதி இரிக்கி" என்றார் காக்கா. "ரோட்டுல விட்டுக்குடுக்கும், சேத்துல இறுக்கிப் புடிக்கும். உங்கட வேலைக்கு அதான் சரி."

"எப்பவும் புடிக்குமா?"

"எப்பவும் எண்டு அல்லாஹ்தான் சொல்லோணும் தம்பி. அனேகமாப் புடிக்கும்."

"அனேகமாக் காணாது. வெல்டிங் வைங்க."

காக்கா என்னைப் பார்த்தார். "வெல்டிங் வெச்சா ரெண்டும் ஒரே சில்லுதான். வளைவுல ஒண்டோட ஒண்டு சண்டை புடிக்கும். தயிர் ஏத்திற வண்டிக்கு இது தேவையா தங்கச்சி?" நான் மேசைக்குக் கீழே இவர் காலை ஓங்கி உதைத்தேன். மனிதர் அசையவில்லை. உள்ளே இருந்த பல்சக்கரங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒட்டி, இரண்டு சில்லையும் கட்டிப் போட்டாயிற்று.

பொய் சொல்லக் கூடாது, சேற்றில் வண்டி ராசாதான். உழவு மெஷின் தயங்குகிற இடத்தில் எங்கள் பிக்கப் மெல்ல மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. பட்டிக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஆனால் தார் ரோட்டுக்கு ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கத்தல், அந்தத் துள்ளல், உடைந்த தயிர். நான் வைக்கோலைக் கூட்டிப் பார்த்தேன், சாக்குத் திணித்துப் பார்த்தேன், சட்டிகளைப் பிள்ளைகள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டும் வந்து பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பாசிக்குடாப் பக்கத்து ஓட்டல் ஒன்று எல்லாச் சட்டிகளையும் திருப்பி அனுப்பியது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! வண்டியின் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கேட்டேன். "மாமியக் கொண்டுபோன சில்லுக்கு இன்னும் என்னென்னத்தக் குடுக்கப் போறீங்க? என்ட தயிரையும் குடுத்தாச்சு. உங்களையும் குடுத்தாச்சு. மறுகா என்ன மிச்சம்?"

இவர் டயரை ஒரு தட்டுத் தட்டினார். "ஒருக்காப் பாத்திட்டு வருவம் புள்ள" என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார். தயிர் எடுக்கப் போகிற நாளில் நெல் எதற்கு? கிட்டப் போனபோதுதான் கேட்டது. ஒவ்வொரு மூட்டையை வைக்கும்போதும் வாய்க்குள் ஒரு பெயரைச் சொன்னார். அன்று எங்களோடு பின்னால் ஏறிய சனத்தின் பெயர்கள். பிழைத்தவர்களும் பிழைக்காதவர்களும் இருந்தார்கள். என் பெயருக்கும் ஒரு மூட்டை வைத்தார்.

"நான் உயிரோடதானே நிக்கிறன்" என்றேன்.

"நீ முன்னுக்கு வா. அம்மாட இடத்தில இரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வண்டி இப்போது அந்த மணலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், இவர் நினைத்தது சரி. ஒரு வெல்டிங் இல்லாததால்தான் மாமி போனார் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு இந்த மனிதரை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

எங்கள் பழைய வளவில் கிணற்றுக் கட்டும் வாசற்படியும் மட்டும்தான் மிச்சம். ஒழுங்கை மணல் அப்படியே இருந்தது. கரைவலைக்காரர்கள் தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலில் இறங்க முன்னம் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். எங்கள் கரையில் அது எல்லோருக்கும் தெரியும். இவர் டயரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே வந்து ஏறினார்.

"காத்து இறக்கல்லையா?"

"அண்டைக்கு இறக்க நேரம் இருந்ததா?"

மாமி இருந்த சீட்டில் நான் இருந்தேன். இவர் கியரைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு களுதாவளைப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். 'அப்பனே, இந்த வண்டியப் புதைச்சுப் போடு. உனக்குத் தேங்காய் அடிக்கிறன். தயவுசெய்து புதைச்சுப் போடு.' வண்டி வாங்கிய நாளில் வண்டி நல்லாக ஓட வேண்டும் என்று அதே பிள்ளையாரிடம் போய் நின்றவள் நான்.

வண்டி நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தேன். இரண்டு சில்லும் சுழன்றன. அன்றைக்கு நிறுத்தி வைத்தது போல் கிடந்த இடது சில்லு, வலது சில்லுக்குச் சமனாக மணலை எறிந்தது. அன்றைக்கு வண்டி நின்ற இடத்தையும் தாண்டிவிட்டோம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

பிறகு பின்பக்கம் மெல்ல இறங்கியது. ஒரு பக்கம் சரியாமல், இரண்டு பக்கமும் ஒன்றாக, நேராக இறங்கியது. இவர் மிதித்தார். சில்லுகள் இரண்டும் வடிவாகச் சுழன்றன. வண்டி மட்டும் ஓர் அங்குலமும் அசையவில்லை. அச்சு மணலில் குந்திவிட்டது. இவர் எஞ்சினை நிறுத்தினார்.

"ரெண்டும் சுத்திச்சு" என்றார்.

"ஓம்."

"வரல்ல."

"வரல்லதான்."

இறங்கி, வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்து, கதவைத் திறந்து கையை நீட்டினார். "இறங்கு புள்ள." எனக்கு முழங்காலில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் கையைக் கொடுத்தேன். தார் ரோடு வரைக்கும் அந்தக் கையை விடாமல் கூட்டிக்கொண்டு போனார். விரல் நொந்தது. நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கரைவலைக்காரர்கள் கயிற்றோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு ஏசினார். "உங்களுக்கென்ன விசரா? இந்தப் பாரத்தோட இந்த மணலுக்குள்ள ஆராவது வண்டிய விடுவானா?"

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி இவர் சொன்னார். "சுனாமி அண்டைக்கு இதிலதான் அண்ணே வண்டி நிண்டது. அம்மா முன்னுக்கு இருந்தா. இப்ப உள்ள சாமான் அப்ப இருந்திருந்தா அம்மாவக் கொண்டு போயிருக்கலாமோ எண்டு பாக்க வந்தன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏலாதாம்" என்றார்.

அம்மா என்ற சொல்லை இவர் வேறொரு ஆளிடம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மூத்தவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "சரி, முதல்ல மூட்டைய இறக்குங்க" என்றார். வலை இழுக்கிற அதே பாட்டோடு, அதே பிடியோடு, வண்டியை இழுத்து ரோட்டில் விட்டார்கள். இவரும் கயிற்றைப் பிடித்தார்.

நேர்ந்த தேங்காய்களை நான் தனியாகப் போய் அடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை ஓட்டமாவடிக்குப் போனோம். ஒட்டின சாமானைக் கழற்றித் தரச் சொன்னார் இவர். காக்கா ஆச்சரியப்பட்டு, "எல்.எஸ்.டி. போடட்டா? நான் அண்டைக்கே சொன்னன், அது அனேகமாத்தான் புடிக்கும்" என்றார்.

"அனேகமாக் காணும் காக்கா" என்றார் என் புருஷன்.

நான் கடை வாசலில் நின்று, வந்தவர் போனவர் எல்லோரும் பார்க்க அழுதேன். காக்கா பதறிப்போய் எனக்குத் தேத்தண்ணி சொன்னார்.