பரண்மேல் இரண்டு தோட்டாக்கள்

பட்டாளத்திலிருந்து திரும்பியபோது எனக்கு இருபத்தேழு வயது. துப்பாக்கி விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. பெரும்பாலும் அது உண்மையும்கூட. கொல்லிமலையில் பைல் நாட்டுப் பக்கம் காட்டுப்பன்றிகள் சாமைக்காட்டை நாசம் பண்ணிக்கொண்டிருந்தன. ஆறு குடியானவர்களுக்குச் சர்க்கார் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தது. சுடக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறு பேருமே என்னைவிட மூத்தவர்கள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். குழாயை எந்தப் பக்கம் பிடிப்பது, விரலை எப்போது விசையில் வைப்பது எல்லாம் இரண்டே நாளில் அவர்களுக்குப் படிந்துவிட்டது. பாடம் முடிந்ததும் மிச்சத் தோட்டாக்களை எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவேன். மூன்றாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. எனக்கோ மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாண விருந்து.

"மிச்சத்த நீங்களே வச்சுக்குங்க, காலைல வாங்கிக்கறேன். ஈரம் மட்டும் ஆகக்கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்தக் காலத்துத் தோட்டாவுக்குக் காகித உறை. ஈரம் பட்டால் உப்பிப்போய்த் துப்பாக்கிக்குள் நுழையாது.

மறுநாள் ஐந்து பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறாமவர் வெறுங்கையோடு வந்தார்.

"எங்கீங்க தோட்டா?"

"போற வழியில நனைஞ்சு போச்சுங்க. ஊட்ல அடுப்புக்கு மேல பரண்ல காயப் போட்டிருக்கறனுங்க."

மலையில் விதையானாலும் மிளகானாலும், ஈரமானது எதையும் அடுப்புக்கு மேலே மூங்கில் பரணில் போட்டுத்தான் காயவைப்பார்கள். தோட்டாவையும் அப்படியே போட்டிருக்கிறார்.

"அடுப்பு எரியுதுங்களா?"

"ஆமாங்க, களி கிண்டிக்கிட்டு இருப்பா. கொழந்தை பக்கத்துல படுத்திருக்கும்."

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான். மூங்கில் இடுக்கில் ஒரு தோட்டா நழுவி நெருப்பில் விழுந்தால் போதும். அவர் வீட்டுக்கு ஓடினேன். சண்டையில்கூட அப்படிப் பயந்ததில்லை. தாயையும் பிள்ளையையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினேன். களிச்சட்டியும் கவிழ்ந்தது. சூடு தணியும்வரை காத்திருந்து இரண்டு தோட்டாக்களையும் இறக்கினேன். நல்லவேளை, இரண்டும் வெடிக்கவில்லை.

அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். "என் தப்புங்க, மன்னிச்சுக்குங்க" என்று அவர் தலையைக் குனிந்தார். நான் சும்மா இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும்.

"தப்பு உங்களுதில்லீங்க. தோட்டாவ வாங்கிப் பூட்ட வேண்டியவன் நான். விருந்துக்கு ஓடிட்டேன்" என்றேன். ஐந்து பேருக்கும் கேட்கும்படியே சொன்னேன். எனக்கு என் மேலேயே அவ்வளவு ஆத்திரம்.

அவர் மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தார். "தப்பு உங்களுதுன்னா, அடுப்ப நீங்களே பத்தவச்சுக் குடுங்க" என்றார்.

குனிந்து உட்கார்ந்து ஊதினேன். நனைந்த விறகு, லேசில் பிடிக்கவில்லை. கண்ணெல்லாம் புகை. அடுப்பு எரிந்த பிறகும் அந்த அம்மா உள்ளே வரவில்லை. பரண் முழுவதையும் நான் கையால் துழாவிக் காட்டிய பிறகுதான் குழந்தையோடு வாசல்படி ஏறினார்.