பதினெட்டுப் படுக்கைகளின் முகவரி

அவளுக்கு 'வீம்பு' என்று பட்டம் வைத்தவர் மேலாளர். மரியாதைக்கு 'அக்கா'வைச் சேர்த்தவர்கள் மற்றவர்கள். அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் பதினொரு வருஷமாக வீம்பக்காவின் பொறுப்பு.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியின் மென்பொருள்களை ஒரு புதிய கிளஸ்டருக்கு மாற்றினார்கள். பல சர்வர்கள் ஒன்றுசேர்ந்து, கன்டெய்னர்கள் என்னும் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்த வேலைகளை ஓட்டும் ஏற்பாடு அது. அங்கே இன்டர்நெட்டின் புதிய முகவரி முறையான ஐபிவி6 மட்டும்தான். இதய வார்டில் படுக்கைக்கு ஒன்றாக நாடித்துடிப்பைக் கண்காணித்த பதினெட்டு மானிட்டர்களுக்கோ பழைய ஐபிவி4 தவிர வேறொன்றும் தெரியாது.

"பழசத் தூக்கிப் போட்டுடலாம். புதுசு ஒன்பதுதான் வருது, வார்டைப் பாதியாக் குறைச்சுக்கட்டும்," என்றார் மேலாளர் கூட்டத்தில்.

"மீதி ஒன்பது பேர் எங்க சார் படுப்பாங்க?"

"அது நம்ம வேலை இல்ல."

"மெஷின் நல்லாத்தானே இருக்கு? நடுவுல ஒரு ப்ராக்ஸி வெச்சா போதும்."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

"காரணத்தோட எழுதிக் குடுங்க சார்."

அவர் எழுதித் தரவில்லை. அவள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். மானிட்டர் பழைய முகவரியில் அனுப்புவதை வாங்கி, புதிய முகவரியில் கிளஸ்டருக்குள் கொடுக்கும் ப்ராக்ஸி. ஒளிவுமறைவு கிடையாது, அதன் பதிவில் பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டாள்.

வார்டு பழைய சர்வரிலேயே ஓட, பக்கத்தில் ஒரு சோதனைத் திரையை வைத்தார்கள். எண்கள் வரிசையாக வந்தன. தலைமை நர்ஸ் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே படுக்கைன்னு காட்டுதேம்மா. இதுல ஏழு எது, எட்டு எது?"

அவள் முகம் சுண்டிப்போனது. எது எந்தப் படுக்கை என்பதை மென்பொருள் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காணும்; எல்லாமே ப்ராக்ஸி வழியாக வந்ததால் உள்ளே ப்ராக்ஸியின் முகவரி மட்டும்தான் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மேலாளர்.

"நீங்க இதைச் சொல்லல சார், நர்ஸம்மாதான் சொன்னாங்க. தப்பு என்னோடது. சரி பண்ணப்போறதும் நான்தான்."

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவன் கேட்டான்: "கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன? வேலை போச்சுன்னா?"

"போகட்டும். முடியற வேலைய முடியாதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவன் கழுவிய தட்டைத் துடைக்க அவளிடம் நீட்டினான்.

ஒவ்வொரு இணைப்பும் தொடங்கும்போதே மானிட்டரின் சொந்த முகவரியை ப்ராக்ஸி ஒரு வரியில் முன்கூட்டிச் சொல்லும்படி மாற்றினாள். உள்ளே இருந்த மென்பொருளையும் அந்த வரியைப் படிக்கவைத்தாள். இரண்டு வாரம் ஆனது. பிறகு படுக்கைகள் காலியாகக் காலியாக, தலைமை நர்ஸ் தன் விரலிலேயே அந்தந்த மானிட்டரின் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு, "இது எத்தனாவது?" என்று குரல் கொடுத்தார். திரையைப் பார்த்து இவள் சொன்னாள். பதினெட்டும் சரி.

மேலாளர் தன் அறிக்கையில் ப்ராக்ஸியை 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதி, சரிபார்க்க அவளுக்கு அனுப்பினார். 'தற்காலிக' என்பதை அடித்துவிட்டு, 'மானிட்டர்கள் உழைக்கும்வரை' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அறிக்கை அப்படியேதான் மேலே போனது.