பன்றிக்கு வாங்கிய மாத்திரை

வெயில் ஏறினால் அந்த வாடை வந்துவிடும். முகப்பேரில் மூன்றாம் மாடி, கீழே பள்ளி வேன்கள், எதிரே மருந்துக்கடை. பன்றிக்கு இங்கே ஏது இடம்? ஆனாலும் வரும். புளித்த சாம்பார், ஈரத் தவிடு, டெட்டால். பின்னாலேயே அத்தையும் வருவாள். இந்த வயதில் எதையும் விரட்டத் தெம்பில்லை. உட்காரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது வெள்ளானூரில் இருந்தோம். அப்பா பன்றி வளர்த்தார். ஆவடிக் கல்யாண மண்டபங்களில் மிஞ்சியதை டிரம்மில் ஏற்றி, மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வருவார். தாய்ப்பன்றி சினையானதும் அவருக்கு அதன்மேல் பாசம் பொங்கியது. முகூர்த்த நாளெல்லாம் வடை, கேசரி, நெய்ச்சோறு என்று அதற்கும் விருந்துதான். "புள்ளத்தாச்சி, துன்னட்டும்" என்பார்.

அப்பாவின் தங்கையான அத்தை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு அந்த யோகம் இல்லை. குழந்தை வீட்டிலேயே பிறந்தது. அன்றிலிருந்து உள் அறை, சாத்திய சன்னல், பூண்டுக் குழம்பு, தொண்டை நனைய மட்டும் தண்ணீர். பச்சை உடம்பில் தண்ணீர் தங்கிவிடும் என்பது அம்மாவின் சட்டம். அத்தை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அந்த வாரமே பன்றியும் குட்டி போட்டது. போட்ட பிறகு எழவே இல்லை. மடி கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துப் பாலில்லாமல் கீச்சிட்டன. உள்ளே குழந்தையும் கீச்சிட்டது. இரண்டு அழுகைகளையும் எனக்குப் பிரிக்கத் தெரிந்தது, சேர்க்கத் தெரியவில்லை.

அப்பா ஓடிப்போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். அவர் வாலடியில் தெர்மாமீட்டரைச் செருகிக்கொண்டே கேட்டார்.

"நஞ்சுக்கொடி முழுசா விழுந்துதா?"

"வுழுந்திருக்கும் சார்."

"இருக்கும்னா? குட்டியக் கைய விட்டு இழுத்தியா?"

"ஒண்ணு மாட்டிகிச்சி. இஸ்தேன் சார்."

"கையக் கழுவினியா?"

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் திட்டிக்கொண்டே ஊசி போட்டார். கடைசி நாட்களில் தீனியைக் குறைத்து, தவிடும் நிறையத் தண்ணீரும் கொடுத்து, காலாற நடக்க விட்டிருக்க வேண்டுமாம். தரையையும் மடியையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டுமாம். காய்ச்சல் வந்தால் பால் அடைத்துக்கொள்ளும். கசிவில் கெட்ட வாடை வந்தால் கருப்பையில் சீழ். கவனிக்காவிட்டால் செத்துவிடும், பிழைத்தாலும் மறுபடி சினை தங்காமல் போகலாம்.

"இன்னொரு தரம் கேசரி போட்ட, உன்னத்தான் கொட்டில்ல கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் சொல்வதை ஒன்றுவிடாமல் கேட்டு வரச்சொல்லி என்னை அனுப்பியிருந்தவள் அத்தை. உள்ளே போய் ஒப்பித்தேன்.

"இன்னா வாடைன்னாரு?"

"அழுகுன வாடையாம்."

"மறுபடி தங்காதுன்னாரா?"

"செத்தாலும் செத்துப் பூடுமாம் அத்தை."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த மடியைப் போலவே அதுவும் சுட்டது. பன்றிமேல் இவளுக்கு இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பா வண்டியோடு போனதும், அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, அத்தை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "வாடி, ஆஸ்பத்திரிக்கிப் போய்ட்டு வந்துர்லாம்."

தீட்டுக் கழியாதவள் தெருவில் நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வழியை மறித்தாள். "இன்னாம்மே, பச்ச ஒடம்போட எங்க கெளம்பிட்ட?"

"பன்னிக்கு மருந்து வாங்க."

"நல்லா கீதுடி உங்க குடும்பம். பன்னி படுத்துகினா புள்ள பெத்தவ ஓட்றா."

அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்துப் பேருந்து நிறுத்தம்வரை வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அவள் சொன்னவை எல்லாம் நான் ஒப்பித்தவையே. காய்ச்சல், பால் இல்லை, கசிவு, வாடை. எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள், எல்லாம் ஒரு பன்றிக்காக, என்று அவளையே பார்த்தேன். திரைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். "நாளைக்கும் வரணும். வரலன்னா இங்கயே படுக்க வெச்சிருவேன்" என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பியதும் அத்தை ஒரு சொம்பு தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினாள். மிச்சத்தையாவது கொட்டிலுக்குக் கொண்டுபோவாள் என்று காத்திருந்தேன். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா வந்ததும் சொன்னேன். "அத்தை பன்னி மாத்திரையத் துன்னுட்சிப்பா."

சிரித்தார். பிறகு சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உள் அறைக் கதவைப் பார்த்தார். கொட்டிலுக்காகக் காய்ச்சிவைத்திருந்த வெந்நீர் வாளியைத் தூக்கிப்போய் அந்தக் கதவருகில் வைத்தார். சோப்பையும் வைத்தார். அம்மாவிடம், "தங்கச்சி கேக்கச்சொல்லோ எல்லாம் தண்ணி குடு" என்று மட்டும் சொன்னார்.

பன்றி பிழைத்தது. பிறகு அத்தைக்கு இன்னொரு பிள்ளையும் பிறந்தது. ஆனால் அன்று சாயங்காலம் என் கவலையெல்லாம், மாத்திரையும் போய் வெந்நீரும் போன அந்தப் பன்றியை இனி யார் கவனிப்பார்கள் என்பதுதான்.