அக்கா இல்லாத படம்

அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஆங்கிலப் படம், அவர் பார்த்த வடிவில், வேறு யாரிடமும் கிடையாது. அதைச் சிங்கப்பூரில், எங்கள் செங்காங் வீட்டில் என் மேசையில் உட்கார்ந்து நான் வெட்டி ஒட்டித் தயாரித்தேன். அவருக்கு அது தெரியாது. தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் பழுதாகி நிற்கும் கப்பல்களைத் தேடிப் போய் ஆட்களை மீட்கும் ஒரு கேப்டனின் கதை, நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் வந்தது. அதிகம் பேசாத மனிதர். எவ்வளவு ஆபத்தானாலும் ஒருவரையும் விட்டுவிட்டுத் திரும்ப மாட்டார். ஏன் அப்படி என்று படம் சொல்லாது. அது எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆளுக்கு ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொண்டோம். நான் பாலிடெக்னிக்கில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய இளமைக்காலத்தைச் சொல்லும் முன்கதைப் படம் வெளியானது. வகுப்பே சேர்ந்து முதல் நாள் பார்க்கப் போனோம்.

ஏமாற்றம் என்று சொன்னால் போதாது. புழுதி நிறைந்த ஒரு நிலவில் ஒரு சுரங்கம். பெற்றோர் இல்லாத பையனை அவனுடைய அக்கா வளர்க்கிறாள். அவன் தண்ணீர் ஏற்றிச் செல்லும் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விடுகிறான். அக்கா சுரங்கத்திலேயே இருந்துவிடுகிறாள். அதன்பின் படம் முழுக்க அவள் பதிவு செய்து அனுப்பும் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். அவன் கேட்பான், பதில் அனுப்ப மாட்டான். ஒவ்வொரு செய்தியிலும் அவள் முதலில் கேட்பது, "சாப்பிட்டாயா?"

மூன்றாவது செய்தியில் அந்தக் கேள்வி வந்தபோது தியேட்டரில் சிரிப்பு கிளம்பியது. பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன், "எங்கம்மாவ யாரு லா ஸ்பேஸுக்கு அனுப்புனா?" என்றான். எங்கள் வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அதன்பின் அந்தப் படத்தைத் திட்டுவது ஒரு விளையாட்டாகவே ஆனது. நான் ஒரு பட்டியல் எழுதி இணையத்தில் போட்டேன். கேப்டனின் மர்மத்தைக் கெடுத்தது, புழுதிப்புயல் பொம்மைக் காட்சி போல இருந்தது, தண்ணீர்க் கப்பலின் எடைக்கும் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவராதது என்று வரிசையாக. பட்டியலின் உச்சியில் அக்கா இருந்தாள். பலர் அதைப் பகிர்ந்தார்கள்.

திட்டியதோடு நான் நிற்கவில்லை. பிடிக்காத படத்தை ரசிகர்களே வெட்டித் திருத்துவது அப்போது பலருக்கும் பொழுதுபோக்காக இருந்தது. படத்தின் டிவிடியை வாங்கி, எடிட்டிங் கற்றுக்கொண்டு, அக்காவை முழுதாக எடுத்துவிட்டேன். பெரும்பாலான இடங்களில் அது சுலபம். ஓர் இடம் மட்டும் இடித்தது. பையன் கப்பலில் தனியாக உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழ, அவளுடைய செய்தியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முகம் அவ்வளவு நன்றாக இருந்ததால் எடுக்க மனமில்லை. அவள் குரலை நீக்கி, அங்கே கப்பல் இயந்திரத்தின் இரைச்சலைப் போட்டேன். அதற்குச் சற்று முன்னால் நட்சத்திரங்கள் தெரியும் ஒரு காட்சியை ஒட்டினேன். இப்போது அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தையல் தெரியவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா சிராங்கூன் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை செய்கிறார். நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவர், எந்தப் படத்தைப் போட்டாலும் பாதியில் தூங்கிவிடுவார். எனக்குப் பிடித்த உலகத்தில் வீட்டில் ஒருவராவது கூட இருக்க வேண்டும் என்று ஆசை. என் சுருக்கத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தூங்கவில்லை. முடிந்ததும், "நல்லாத்தானே இருக்கு, இதையா எல்லாரும் திட்டுறாங்க?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் விழித்திருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அது அவருடைய படமாகிவிட்டது. விடுமுறை நாளில் துணி தேய்க்கும்போது அதைத்தான் ஓடவிடுவார். நட்சத்திரத்தைப் பார்க்கும் காட்சி வந்தால் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிற்பார். "பாவம், இந்தப் பையனுக்கு யாருமே இல்ல. அதான் பின்னாடி யாரையும் விட்டுட்டு வர மாட்டேங்குறான்," என்பார். அந்த விளக்கம் என் கத்தரியிலிருந்து வந்தது. ஆனால் அதை அவர் தானாகக் கண்டுபிடித்திருந்தார். கடையில் அவருடன் வேலை செய்யும், பாசிர் ரிஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் ஆன்ட்டியின் மகன் அந்தப் படத்தைக் கிண்டல் செய்வானாம். அம்மா ஆன்ட்டியிடம் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவாராம்.

அண்மையில் காற்று திரும்பியது. அந்தப் படத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் வளர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட படம், காலத்துக்கு முந்திய படம் என்று கட்டுரைகள், காணொளிகள். என் பட்டியலைப் பகிர்ந்த சிலரே இப்போது உருகி எழுதியிருந்தார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கூட்டமாகத் திட்டிவிட்டுக் கூட்டமாகப் புகழ்வதில் என்ன பெரிய மறுபரிசீலனை? ஒரு தியேட்டர் படத்தைச் சில நாட்களுக்கு மறுபடி திரையிடுவதாக அறிவித்தது.

அம்மா வேலை முடிந்து பூரிப்போடு வந்தார். "ஆன்ட்டி ஒத்துக்கிட்டா! 'நீ அப்பவே சொன்ன, நாங்கதான் கேக்கல'ன்னு அவளே சொல்லிட்டா. மூணு டிக்கெட் எடு. நீ, நான், அவ."

அம்மாவின் சொல் சரியென்று நாலு பேர் ஒத்துக்கொண்ட தருணங்கள் அதிகமில்லை. மூன்று டிக்கெட் எடுத்தேன்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனபின் முழுப் படத்தையும் பார்த்தேன். வெட்டிய நாளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. பழைய பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். புழுதிப்புயல் இன்றும் மோசம்தான். கப்பல் கணக்கு இன்றும் தவறுதான். வசனம் சில இடங்களில் பாடப்புத்தகம். நல்ல படம் என்று நான் இப்போதும் சாதிக்க மாட்டேன். ஆனால் அக்காவை எடுத்தால் படம் நிற்காது. யாருமே இல்லாததால் கேப்டன் எல்லோரையும் மீட்கவில்லை. ஒருத்தியை விட்டுவிட்டு வந்தார், அவளுக்கு ஒரு பதில்கூட அனுப்பவில்லை, அதனால் மீட்டார். குற்ற உணர்ச்சியைப் பற்றிய படத்திலிருந்து குற்றத்தை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. படம் நீளம் என்பதால்தான் அக்காவை வெட்டியதாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்; அது மட்டும் காரணமில்லை. அக்கா பேசும் ஆங்கிலத்தைத் தவிர மற்ற எல்லாம் அம்மா. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு நொடி நிற்பது, கடைசியில் சொல்ல ஒன்றுமில்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. ஊரே சிரித்த ஒருத்தியை நான் வீட்டுக்குள் வரவிடவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். காலையில் அவசரம், மாலையில் களைப்பு என்று தள்ளிப்போட்டேன். தியேட்டருக்குப் போகும் வழியில்தான் வாயைத் திறந்தேன். "அம்மா, படம் இன்னிக்குக் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

"பெரிய ஸ்க்ரீன்ல வேற மாதிரிதான் இருக்கும்," என்றார் அம்மா. புதுச் சுடிதார் அணிந்திருந்தார்.

தொடங்கிய சற்று நேரத்தில் அக்கா வந்துவிட்டாள். ஆன்ட்டி அம்மாவின் பக்கம் சாய்ந்தார். "யாரு இது? அவனுக்கு யாருமே இல்லன்னு சொன்னியே?"

"இரு லா, பாப்போம்."

செய்திகள் வர ஆரம்பித்தன. அம்மா அசையவில்லை. தனக்குத் தெரியாத படத்துக்குள் தனக்குத் தெரிந்த படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பையன் கப்பலில் தனியாக உட்கார்ந்ததும் அவர் உடம்பு நிமிர்ந்தது. ஆன்ட்டியின் கையைத் தட்டினார். "இந்தா, இப்பப் பாரு. ஒண்ணுமே பேச மாட்டான். ஸ்டார பாத்துக்கிட்டே இருப்பான்."

அவன் முகம் திரையை நிறைத்தது. நட்சத்திரம் வரவில்லை. அக்காவின் குரல் வந்தது. சாப்பிட்டாயா என்றது.

ஆன்ட்டி பக்கென்று சிரித்தார். "ஏய், உன்ன மாதிரியே கேக்குறா!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அம்மா ஆன்ட்டியின் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆன்ட்டி விடவில்லை. "படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீ சொன்ன கதை இது இல்லையே. தூங்கிட்டுப் பாத்தியா நீ?"

அம்மா என்னைப் பார்க்காமல் சிரித்தார். "தூங்கிட்டேன் போல. நாள் பூரா நின்னுட்டு வந்து பாத்தா என்ன செய்றது?"

"ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலயா தூங்குவ? நல்ல தூக்கம் லா!" ஆன்ட்டி சிரித்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்.

ரயில் ஏறினோம். இரண்டு நிலையங்கள் கடந்தன. பிறகு, "நீ போட்டுக் குடுத்ததுல அந்தப் பொண்ணு இல்லையே," என்றார். "அவங்களே ரெண்டு மாதிரி வித்தாங்களா?"

தப்பிக்க ஒரு கதவை அவரே எனக்குத் திறந்துவிட்டார். "இல்லம்மா. நான்தான் வெட்டினேன்."

"எதுக்கு?"

"ரொம்ப நீளம். நீங்க தூங்கிடுவீங்கன்னு நினைச்சேன்."

தலையாட்டினார். "அவனுக்கு யாருமே இல்லன்னு நான் எவ்ளோ பாவப்பட்டேன். அக்கா இருந்திருக்கா. ஒரு பதிலாச்சும் போட்டிருக்கலாம் அந்தப் பய."

செங்காங்கில் இறங்கி, வீட்டுப் பக்கம் போகும் எல்ஆர்டி சிறு ரயிலுக்கு நின்றோம். நீளம் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அதுவும் ஒரு வெட்டுத்தான். இதையும் இன்னும் பல ஆண்டுகள் ஓடவிட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"அம்மா, நீளம் மட்டும் இல்ல. படம் வந்தப்ப தியேட்டர்ல எல்லாரும் அவளப் பாத்து சிரிச்சாங்க. அவ உங்கள மாதிரி பேசினா. நீங்க அதப் பாக்க வேணாம்னு தோணுச்சு."

அம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

"எந்த எடத்துல?"

"சுரங்கம் இடிஞ்சு விழுந்தப்புறம் ஒரு மெசேஜ் வருமே. தலையில கட்டோட உக்காந்துக்கிட்டு சாப்பிட்டியான்னு கேப்பா."

அம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு மூக்கால் சிரித்தார். "தலையில கட்டோட. அது சிரிப்புத்தான்."

அவர் உண்மையிலேயே சிரித்தாரா, எனக்காகச் சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. ரயில் வந்து உட்கார்ந்தபின், "நாளைக்குக் கடைக்கு வா," என்றார். "நான் தூங்கலன்னு அவகிட்ட நீயே சொல்லு."

மறுநாள் மதியம் போனேன். கடையில் கூட்டம். ஆன்ட்டி மேசையில் ஒரு குடும்பத்துக்குச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கை ஓயும்வரை நின்று, அம்மா தூங்கவில்லை, நான் வெட்டிக் கொடுத்த படத்தைத்தான் அவர் பார்த்தார் என்று சொன்னேன்.

"அப்ப இவ இத்தன வருஷமா உன் படத்தையா புகழ்ந்தா?" ஆன்ட்டி பில் மேசைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். "கேட்டியா? உன் மவ பெரிய டைரக்டரு!"

"இப்பவாச்சும் நம்புறியா, நான் தூங்கலன்னு?" என்றார் அம்மா. குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

"நம்புறேன் லா." ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். "ஆமா, அந்தப் பொண்ண எதுக்கு எடுத்த? அவதானே படமே."

அம்மா பில்லிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"நீளமா இருந்துச்சு ஆன்ட்டி," என்றேன்.

அம்மா இன்னும் ஒரு நொடி பார்த்தார். பிறகு குனிந்து, முன்னால் இருந்த சேலையை மடித்துப் பையில் போட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.